திருப்தியில்லாத விண்ணப்பதாரி

பதுளை நகரத்தில் ஊவா தோட்டப் பதிவுகள் நவீனமயமாக்கல் செயலகம் என்று ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. பெயர்ப் பலகை மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டு, கட்டடத்தை விட அகலமாகிப் போனதால் இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், கல்யாணம் கட்டியவர்கள் எல்லோருடைய பதிவுகளையும் கணினிக்குள் ஏற்றிவிட்டு, பழைய புத்தகங்களை மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். 2007ஆம் ஆண்டில், ஊவாத் தோட்டங்களில் ஒருவர் பிறந்தாரா இல்லையா என்று சொல்லும் உரிமை அந்தக் கட்டடத்துக்கு மட்டுமே இருந்தது. நேரில் போய் நின்றாலும் அது சொன்னால்தான் பிறந்ததாகக் கணக்கு.

அங்கே முக்கியமான இயந்திரங்கள் இரண்டு. கீழ் மாடியில் கேள்வி கேட்கிற சேர்வர். மேல் மாடியில் பதிவுகளையெல்லாம் வயிற்றுக்குள் வைத்திருக்கிற சேமிப்புப் பெட்டி. இரண்டையும் ஒரே அறையில் வைத்திருக்கலாம். ஆனால் சேர்வர் அரசாங்கப் பணத்தில் வாங்கியது, பெட்டி வெளிநாட்டு உதவியாக வந்தது. இரண்டு வகைச் சொத்துகளும் ஒரே பூட்டுக்குள் இருக்கக் கூடாது என்று கணக்காய்வு சொல்லிவிட்டது. ஆகவே சேர்வருக்குத் தனேஸ்வரன் என்றொரு பொறுப்பதிகாரி, பெட்டிக்குக் குணமணி என்றொரு பொறுப்பதிகாரி. கீழே கவுண்டரில் இலக்கத்தைத் தட்டினால் சேர்வர் பெட்டியைக் கேட்கும். பெட்டி எடுத்துக் கொடுக்கும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் “இணைப்பு நேரம் கடந்தது” என்று திரையில் எழுத்து விழும்.

அது அடிக்கடி விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தடவையும் செயலகம் விசாரணைக் கூட்டம் நடத்தியது. முதற் கூட்டத்தில், பெட்டிக்கு முப்பது விநாடி போதாது போலிருக்கிறது என்று கருதி அதை ஐந்து நிமிடமாக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் கால் மணித்தியாலம். அதற்கடுத்ததில் அரை மணித்தியாலம். முன்பெல்லாம் உடனே கையை விரித்த கணினி, இப்போது அரை மணித்தியாலம் யோசித்துவிட்டுக் கையை விரித்தது. இதை ஆண்டறிக்கையில் முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டடத்துக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை மாணிக்கராஜும் அவருடைய மகள் ஷிரோமியும் வந்து சேர்ந்தார்கள். மாணிக்கராஜ் அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை செய்கிறவர். ஷிரோமி உயர்தரப் பரீட்சை பாஸாகி, பதுளையிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாள். அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் அப்படியொரு கடிதம் யாருக்கும் வந்ததில்லை. எல்லாப் பத்திரங்களும் சரி. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதியாக இருக்க வேண்டும். அன்றைக்கே மாலை நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறந்த அன்று கொடுத்த சான்றிதழை மாணிக்கராஜ் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தார். அதன்படி அவள் ஒரு தடவை பிறந்திருந்தாள். கல்லூரிக்கு அவள் அண்மையிலும் பிறந்திருக்க வேண்டியிருந்தது.

காலையில் போனபோது மேலே ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது, லைன் என்று அவர்கள் சொல்லும் கணினி இணைப்பு இல்லை. கூட்டம் முடிந்த பிறகு லைன் வந்தது. அப்போது பகல் சாப்பாட்டு நேரம். சாப்பாடு முடிந்து வரிசை நகர்ந்து, இரண்டு மணி போல அப்பாவும் மகளும் கவுண்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். முன்னால் இருந்தது ஒரே ஒருவர். பெரகலப் பக்கத்திலிருந்து வந்த நல்லம்மா. புருசன் இறந்த பதிவு இல்லாமல் அந்த மனுசனுடைய சேமலாப நிதி, வேலைக்காலத்தில் பிடித்து வைத்த பணம், கைக்கு வராமல், அந்தப் படிகளில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று அவருக்கே மறந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பலீல் நல்ல மனிதர். ஜன்னலுக்குள்ளே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, இப்ப லைன் நல்லா ஈக்கி. இந்தம்மாட முடிஞ்ச ஒடனே ஒங்கட மகள்டதான். வேற ஒண்டும் பேசாம, அப்பிடியே அசையாம நில்லுங்க.”

“சரிங்க நானா,” என்றார் மாணிக்கராஜ்.

அந்த நேரம் பார்த்துக் குணமணி மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் தாள்கள் கட்டிய ஒரு கோவை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய மக்கள் சாசனத்துக்குக் கீழே நின்று, வரிசையைப் பார்த்து அன்பாகக் கேட்டார்.

“ஆருக்கும் ஏதும் முறைப்பாடு இருக்கோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ.”

அந்தச் சாசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறைப்பாடு வந்தால் அன்றைக்கே விசாரணைக் கூட்டம் கூட்டப்படும், விண்ணப்பதாரி திருப்தியடையும் வரை கூட்டம் கலையாது என்பது அதிலுள்ள வாசகம். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் முறைப்பாடே வராத மாதத்தில் செயலகத்துக்குக் கொழும்பு அமைச்சு கொடுக்கும் சாசனப் புள்ளிகள் கிடையாது. அந்த மாதம் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. பழகியவர்கள். பலீல் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மாணிக்கராஜைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் பெரியவர்கள் ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் நிற்பது மாணிக்கராஜுக்கு வராது.

“முறைப்பாடெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். நாலு மணிக்குள்ள புள்ளைக்கு இந்தப் பேப்பர் குடுக்கணும். அதான் கொஞ்சம் பயமா இருக்குங்க.”

குணமணியின் முகம் மலர்ந்தது. “பயமா இருக்கு எண்டுறீங்கள். அப்ப அது முறைப்பாடுதானே. வாங்கோ ஐயா மேல, உடன கூட்டத்தைப் போடுவம்.”

“அப்பா, போகாதீங்க,” என்று ஷிரோமி கையைப் பிடித்தாள். “அடுத்தது நாமதான்.”

“கூப்பிடுறாங்கள்ல. நீ வரிசைய விட்டுறாத, நான் ஓடி வந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

மேல் மாடியில் இருந்த மண்டபம் இருநூறு பேர் உட்காரக் கூடியது. அன்று அதில் ஐந்து பேர் இருந்தார்கள். பணிப்பாளர் சிவராசா மேடையில். தனேஸ்வரன் ஒரு பக்கம், குணமணி மறுபக்கம், நடுவில் மாணிக்கராஜ். வாசலோரம் கதிரை துடைத்துக்கொண்டிருந்த, அலுவலக உதவியாளர் ஜொனி. ஐந்து பேருக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மைக் இல்லாமல் பணிப்பாளர் பேசுவதில்லை, அது அந்த இடத்தின் வழக்கம்.

மேடையோரச் சுவரில் ஒரே ஒரு பிளக் பொயின்ட் இருந்தது. அதில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கொழுவியிருந்தது. கீழே இருக்கும் சேர்வரிலிருந்து வருகிற கம்பியும் மேலே இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் போகிற கம்பியும் அதில்தான் வந்து கூடின. கறுப்புப் பெட்டியின் முகத்தில் பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. ஜொனி வந்தார். அந்தப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினார். விளக்குகள் அணைந்தன. மைக்கின் பிளக்கைச் செருகினார். கீழேயிருந்து பலீலின் குரல் கேட்டது.

“லைன் போச்சு!”

“ஹலோ, ஹலோ,” என்றார் பணிப்பாளர். குரல் மண்டபம் முழுக்கப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. “கூட்டம் தொடங்கின உடனேயே கோளாறு உறுதிப்படுத்தப்பட்டிருக்குது. இதை அறிக்கையில எழுதுங்கோ.”

குணமணி எழுதினார்.

தனேஸ்வரன் எழுந்து மைக்கை வாங்கினார். “எங்கட சேர்வர் கேட்க வேண்டிய கேள்வியை உரிய நேரத்தில, உரிய முறையில கேட்டிருக்குது. அதுக்குப் பதிவு இருக்கு. பதில் வரேல்லை எண்டால் அது கேட்டவற்ற பிழையோ?”

மைக் குணமணியிடம் போனது. “எங்கட சேமிப்புப் பெட்டிக்கு லைன் போன பிறகு ஒரு கேள்வியும் வந்து சேரேல்லை. வராத கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டு வருடமாக இரண்டு பேரும் உண்மையையே பேசி வந்தார்கள்.

பணிப்பாளர் மைக்கைத் திரும்ப எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒண்டு சொல்ல விரும்புறன். இந்தச் செயலகத்தில இணைப்பு அறுந்த ஒவ்வொரு தடவையும், அந்த நேரத்தில நாங்கள் இந்த மண்டபத்தில கூடியிருந்திருக்கிறம். ஒரு தடவையாவது கோளாறு எங்கள அசட்டையா இருக்கேக்க பிடிச்சது கிடையாது. வேற எந்த மாகாணத்தில இப்பிடி ஒரு விழிப்பு இருக்குது எண்டு காட்டுங்கோ பாப்பம்.”

தனேஸ்வரனும் குணமணியும் கை தட்டினார்கள். ஜொனியும் தட்டினார். மாணிக்கராஜும் தட்டிவிட்டு, தட்டிய கையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கிட்டியிருந்தது. கீழே மகள் நிற்கிறாள், ஜன்னலுக்கு முன்னால், அடுத்த ஆளாக.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஐயா... அந்தப் பச்ச லைட்டு எரிஞ்ச பொட்டி... அத இவரு கழட்டினாரே. அதனாலயா இருக்குமோன்னு...”

தனேஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தார். ஜொனி தன் செருப்பைப் பார்த்தார். பணிப்பாளர் மாணிக்கராஜின் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். யாருக்கும் தெரியாத விசயம் இல்லை அது. ஆனால் அறிக்கையில் அதை எழுதினால் யார் கழற்றியது என்று எழுத வேண்டும், யாருக்காகக் கழற்றியது என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். தொழில்நுட்பக் கோளாறுக்கு எவரும் பொறுப்பில்லை. மைக்குக்கு ஓர் ஆள் இருந்தார்.

“அது மண்டபத்துச் சாமான்,” என்றார் குணமணி கடைசியில். “இண்டைய நிகழ்ச்சி நிரலில மண்டபம் இல்லை.”

“மன்னிச்சுக்குங்க மேடம்,” என்றார் மாணிக்கராஜ்.

விசாரணை தொடர்ந்தது. பெட்டிக்கு அரை மணித்தியாலம் போதவில்லை என்று தெரிகிறபடியால் அதை இரண்டு மணித்தியாலமாக நீடிப்பது என்று முடிவானது. மாணிக்கராஜ் கதிரையை விட்டு எழுந்தார்.

“ஐயா, ரெண்டு மணித்தியாலம்னா அஞ்சு ஆயிருமுங்க. காலேஜ்ல நாலு மணிக்குப் பூட்டிருவாங்க. அந்த நாலு மணிய வேணும்னா கொஞ்சம் நீட்டித் தர முடியுங்களா?”

“அது எங்கட அதிகாரத்துக்குள்ள இல்லை,” என்றார் பணிப்பாளர் மைக்கில், வருத்தத்தோடு. “நாங்கள் எங்கட பெட்டிக்கு மட்டும்தான் தவணை குடுக்கலாம். இப்ப நீங்கள் திருப்தியோ எண்டு சொல்ல வேணும்.”

“பேப்பர் கெடச்சா திருப்திங்க.”

“பேப்பர் கீழ இருக்கு, திருப்தி மேல இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது. நீங்கள் ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ, எங்களுக்கு அவசரமில்லை. சாசனத்தில இருக்கிறபடி, நீங்கள் திருப்திப்படும் வரைக்கும் நாங்கள் கலைய மாட்டம்.”

தின்ன ரோல்ஸும் குடிக்கப் பிளேன்டீயும் வந்தன. மூன்றேகால் ஆனது. ஜொனி மாணிக்கராஜின் கோப்பையை வைக்கும் சாக்கில் காதருகே குனிந்தார்.

“அண்ணே, திருப்தின்னு சொல்லித் தொலைங்க. இல்லாட்டி இவங்க எந்திரிக்க மாட்டாங்க. இவங்க எந்திரிச்சாத்தான் நான் மைக்கக் கழட்டலாம்.”

மாணிக்கராஜ் மைக்கைப் பிடித்தார். “திருப்திங்க,” என்றார்.

அந்தச் சொல் மண்டபத்தில் எதிரொலித்து, படிவழியாக இறங்கி, கீழே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஷிரோமிக்கும் கேட்டது.

குணமணி நேரத்தைக் குறித்தார். கூட்டம் கலைந்தது. ஜொனி மைக்கைக் கழற்றிக் கறுப்புப் பெட்டியைக் கொழுவினார், பச்சை விளக்குகள் எரிந்தன. மாணிக்கராஜ் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார்.

கீழே நல்லம்மாவுக்கு அப்போதுதான் அவருடைய பதிவுப் பக்கம் திரையில் திறந்திருந்தது. அவர் ஷிரோமியைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “மொதல்ல புள்ளையோடத அடிச்சுக் குடுங்க தம்பி,” என்று பலீலிடம் சொல்லிவிட்டு ஒதுங்கினார். பலீல் ஷிரோமியின் இலக்கத்தைத் தட்டினார். அந்தச் செயலகத்தின் சரித்திரத்திலேயே இல்லாத வேகத்தில் பதில் வந்தது. பலீல் அதை வாசித்தார். மறுபடி ஒருதரம் வாசித்தார்.

“அண்ணே... முறைப்பாடு தீர்ந்திட்டு, விண்ணப்பதாரி திருப்தி, கோவை மூடப்பட்டது எண்டு காட்டுது. மூடின கோவைக்குப் பிரதி அடிக்க ஏலாது. எனக்குத் தொறக்கவும் ஏலாது. தனேஸ்வரன் சேருக்குத்தான் ஏலும், அதுவும் பணிப்பாளர் வாயால சொன்னாத்தான். இது தீரும் வரைக்கும் வேற ஆர்டையும் அடிக்கவும் ஏலாது.”

“அப்பா,” என்றாள் ஷிரோமி. “மைக்ல திருப்தின்னு சொன்னது நீங்கதானே?”

“சொன்னாத்தான் எந்திரிப்பாங்கன்னு சொன்னாங்கம்மா...”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எத்தனையோ வருடமாகச் சரிங்க, சரிங்க என்று சொல்லியே பழகியவர் மாணிக்கராஜ். அந்தச் சொல்லால் நட்டப்பட்டது எப்போதும் அவர் மட்டுந்தான், அதனால் அவர் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. இந்தத் தடவை நட்டம் மகளுக்கு. வெட்கத்தில் அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஷிரோமி படியேறினாள்.

மண்டபத்தில் அதிகாரிகள் மூவரும் மிச்ச ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குணமணி கொழும்புக்கு ஃபெக்ஸ் அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அதில் போனது அந்த மாதத்தின் முதல் திருப்தி.

“மேடம், அந்த விண்ணப்பம் யாரு பேருல இருக்கு?” என்று கேட்டாள் ஷிரோமி.

குணமணி கோவையைத் திறந்தார். தோட்டத்து ஆட்கள் வந்தால் கூட வந்த ஆம்பிளைதான் விண்ணப்பதாரி என்பது செயலகத்தின் பழக்கம். பெயரைப் பார்ப்பதில்லை. இப்போது பார்த்தார். முகம் கறுத்துப் போனது.

“நான்தான் விண்ணப்பதாரி. எனக்குத் திருப்தி இல்ல மேடம். யாரும் என்னைக் கேக்கவும் இல்ல.”

ஆளை மாற்றித் திருப்தி வாங்கி அமைச்சுக்கு அனுப்பியாகிவிட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பணிப்பாளர் மெல்ல எழுந்து மேடைக்குப் போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஜொனியைப் பார்த்துக் கையசைத்தார். ஜொனி சுவரை நோக்கி நடந்தார். ஷிரோமி அவரை முந்திப் போய், பிளக் பொயின்டுக்கு முன்னால் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டாள்.

“தள்ளும் பிள்ளை, கூட்டம் தொடங்க வேணும்,” என்றார் குணமணி.

“கூட்டம் வேணாம் மேடம். பேப்பர் குடுங்க.”

“இது அரசாங்க மண்டபம், விளங்குதே? பொலிசுக்குச் சொல்ல வேண்டி வரும்.”

“நான் எதையும் கழட்டலயே மேடம். சும்மாதானே நிக்கிறேன்.”

ஜொனி அவளைப் பார்த்தார். அவர் நினைத்தால் ஒரு கையால் அவளை விலக்கியிருக்கலாம். ஏனோ அந்த இடத்திலேயே நின்று, தோளில் கிடந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கதிரையை மறுபடி துடைக்கத் தொடங்கினார். மணி மூன்றரை தாண்டியிருந்தது. பயிற்சிக் கல்லூரி மேட்டில் இருந்தது, ஓடினாலும் கால் மணித்தியாலம் வேண்டும்.

தனேஸ்வரனுக்குத்தான் முதலில் பொறுமை போனது. “ஐயா, கோவையைத் திறக்கட்டோ? நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஒரு நிமிச வேலை.”

பணிப்பாளர் மைக்கைப் பார்த்து வாயை அசைத்தார்.

“கேக்கேல்லை ஐயா.”

மறுபடி அசைத்தார். சத்தம் வரவில்லை. கீழேயிருந்து மாணிக்கராஜ், “ஷிரோமி! நேரமாகுதும்மா!” என்று கத்துவது கேட்டது. அவள் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். பிறகு, அந்த மண்டபத்தில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், சளி பிடித்த சின்னப் பிள்ளை பேசுவது போன்ற மெல்லிய குரலில், “திறவும்,” என்றார்.

தனேஸ்வரன் ஓடினார். படியில் செருப்புச் சத்தம். பிறகு அச்சு இயந்திரம் கிறீச்சிடும் சத்தம். “வந்திட்டு! வந்திட்டு!” என்று பலீல் கூவினார். மாணிக்கராஜ் மூச்சு வாங்க மேலே வந்து தாளை நீட்டினார். குணமணி முத்திரை குத்திக் கையெழுத்திட்டு, அதைக் கொடுக்கும்போது கூடவே இன்னொரு தாளையும் நீட்டினார்.

“இப்ப திருப்திதானே? இதிலயும் ஒருக்காக் கையெழுத்து வையும்.”

ஷிரோமி பிறப்புப் பிரதியை மட்டும் மெதுவாக உருவி எடுத்தாள். “இல்ல மேடம்,” என்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நாலு மணிக்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் பிரதியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஷிரோமி வெள்ளைச் சீருடை போட்டாள். லயத்தில் அவளைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாணிக்கராஜ் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

செயலகத்தில் நிலைமை வேறு. ஷிரோமி சுவரை விட்டு நகர்ந்ததும், மறுபடி திறக்கப்பட்ட கோவைக்கு உரிய கூட்டத்தைப் பணிப்பாளர் முறைப்படி ஆரம்பித்து வைத்தார். ஜொனி மைக்கைக் கொழுவினார். விண்ணப்பதாரி திருப்தியில்லாமல் வெளியேறிவிட்டபடியால் சாசனப்படி கூட்டத்தைக் கலைக்க வழி இருக்கவில்லை. திங்கட்கிழமையும் அது நடந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் நடந்தது. உத்தியோகத்தர்கள் முறை வைத்து மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். மைக் அணையவில்லை. பெட்டிக்கு முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். கீழே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நல்லம்மாவின் பக்கம் அன்று திரையில் திறந்ததோடு சரி, பிரதி வரவில்லை. விட்டுக்கொடுத்த அந்த ஒரு நிமிடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இதையெல்லாம் பலீல்தான் அப்புத்தளைச் சந்தையில் கண்டபோது மாணிக்கராஜிடம் சொன்னார். நல்லம்மாவைப் பற்றிக் கேட்ட பிறகு மாணிக்கராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் தப்பினாள் என்ற சந்தோசத்துக்குள் அந்த மனுசி வந்து நின்றார். அவர் ஒதுங்காவிட்டால் தன் பிள்ளை எங்கே நின்றிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு சுட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனிமூட்டத்துக்குள் ஒரு ஜீப் ஏறி வந்து லயத்துக்குக் கீழே நின்றது. பணிப்பாளர் சிவராசா இறங்கினார். கையில் ஒரு தாள். சேற்றில் சப்பாத்து வழுக்க வழுக்க ஏறி வந்தார். லயத்து ஆட்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த ஷிரோமி வெளியே கதிரை எடுத்துப் போட்டாள்.

அவர் உட்கார்ந்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மாணிக்கராஜ் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“அமைச்சிலயிருந்து கேட்டு எழுதியிருக்கினம்,” என்றார் பணிப்பாளர் அந்த மெல்லிய குரலில். “ஒரு கூட்டம் ஏன் இவ்வளவு நாள் எண்டு. தங்கச்சி, திருப்தி எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் எல்லாம் முடிஞ்சிடும். நாங்களும் வீட்டை போய்ச் சாப்பிடலாம்.”

ஷிரோமி தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அதை அப்பாவிடம் கொடுத்தாள். “அப்பாவக் கேளுங்க ஐயா. அப்பா சொன்னா வைக்கிறேன்.”

மாணிக்கராஜ் தாளையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பழக்கதோசத்தில் சரிங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

“கீழ வரிசையில நல்லம்மான்னு ஒரு அம்மா நிக்கிறாங்க ஐயா. அவங்களுக்கும், அவங்களுக்குப் பின்னால நிக்கிறவங்க எல்லாருக்கும் பேப்பர் அடிச்சுக் குடுத்துட்டு வாங்க. நாங்க கையெழுத்து வைக்கிறோம்.”

பணிப்பாளர் பரிதாபமாக அவரைப் பார்த்தார்.

“அதெப்பிடி ஐயா? அதுக்கு மைக்கைக் கழட்ட வேணுமே!”

மாணிக்கராஜ் தாளை நாலாக மடித்து, பேனாவோடு சேர்த்து அவருடைய சட்டைப் பையில் வைத்தார்.

“மைக்கக் கழட்டணும்னு சொன்னீங்களே, இத அந்தக் கூட்டத்துல சொல்லுங்க ஐயா,” என்றார். “மைக்லயே சொல்லுங்க. நாங்க இங்கதான் இருப்போம்.”